ஒரு பத்துதான் இருக்கு

தம்பி,

இதை உனக்கு மட்டும் கைப்பேசியில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படம் போடுவாய், மீதியை அப்புறம் படிக்கிறேன் என்பாய், அந்த அப்புறம் வரவே வராது. அதனால்தான் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் அத்தை படிப்பாள். மாரி மாமா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு படிப்பார். நான் சேர்ந்திருக்கிற சைக்கிள் ரேஸ் குழுவில் இருக்கிற பிள்ளைகள் முழுக்கப் படிப்பார்கள். அத்தனை பேரும் உன்னைப் பிடித்து, அம்மா எழுதியதைப் படித்தாயா என்று கேட்பார்கள். நீ தப்ப முடியாது.

திங்கட்கிழமை காலையில் நீ ஜொகூருக்குக் கிளம்ப வேண்டும். இத்தனை வருடம் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள், புது இடத்தில் உன்னைவிட வயதில் சின்ன பையன் உனக்குப் பெரியவனாக உட்கார்ந்திருப்பான். நேற்று பெட்டி அடுக்கும்போது ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாய். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாய்: "எல்லாரும் எனக்கு முன்னாடி போய்ட்டாங்கம்மா. இனிமே நான் போயி என்ன ஆவப் போவுது?" நான் உன் துண்டை எடுத்து உள்ளே வைத்தேன். பதில் இல்லாமல் இல்லை. அது நின்றபடி சொல்கிற அளவு சின்னப் பதில் இல்லை. நீ போகாமலே இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். திங்கட்கிழமைக்குள் இதைப் படித்து முடித்துவிடு.

அப்பா மலை ரேஸில் ஓடிய கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா சொன்ன கதைதான் உனக்குத் தெரியும். அது சைக்கிள் மேல் இருந்தவர் பார்த்தது. ரோட்டோரம் நின்றவள் நான். ரெண்டையும் சேர்த்தால்தான் அது முழுக் கதை.

எழுபதுகளின் கடைசி அது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் நான் ரப்பர் மரம் சீவப் போய்க்கொண்டிருந்தேன். அப்போதே எனக்கு ரேஸ் பைத்தியம். யாரோ படித்துவிட்டுப் போட்ட பேப்பரில் சைக்கிள் ஓட்டுகிற படம் வந்தால் வெட்டி எடுத்து, தகரப் பெட்டி மூடியின் உள்பக்கம் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைப்பேன். பெட்டியைத் திறந்தால் முதலில் அவர்கள் முகம், அப்புறம்தான் என் பாவாடை. இன்றைக்கு நான் எங்கோ வெளிநாட்டில் நடக்கிற மலை ரேஸைக் கைப்பேசியில் பார்த்துக் கத்தி, பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வருகிறாளே, அந்தப் பழக்கம் வயசாகி வந்தது இல்லை. அப்போதே இருந்தது. கத்துவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆள் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். உன் அப்பா அங்கே மேட்டுக் காட்டிலிருந்து பாலைச் சைக்கிளில் இறக்குகிற வேலை பார்த்தார். கேரியரின் ரெண்டு பக்கமும் ரெண்டு டின், நிறைய ரப்பர் பால். செம்மண் சரிவு. நடுவில் பிரேக்கை அழுத்தினால் டின்னுக்குள் இருக்கிற பால் மொத்தமும் முன்னால் எழும்பி ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். அதனால் வளைவு வருவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தொடவே கூடாது. பால் எப்படிச் சாய்கிறதோ அப்படியே உடம்பும் சாய வேண்டும். நாங்கள் நாலைந்து பெண்கள் வாளியோடு நடந்து வரும்போது அவர் அப்படி இறங்கிப் போவதைப் பார்ப்போம். மற்றவர்கள் வழி விட்டு ஒதுங்குவார்கள். நான் ஒதுங்க மறந்து நிற்பேன். ஒரு தடவை செம்மண் முழுக்க என் மேல்தான்.

என் அண்ணன், உன் மாரி மாமாவுக்கு, அவர் கூட்டாளி. மாமா அப்போது லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஈப்போவில் தொடங்கி செமோர், சுங்கை சிப்புட், கோல கங்சார் வழியாகப் போய், பாடாங் ரெங்காஸ் தாண்டி மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி ஒரு பள்ளித் திடல் முன்னால் முடிகிற ரேஸ் ஒன்று நடக்கப்போகிறது, யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்று செய்தி கொண்டுவந்தது அவர்தான். முதல் பத்து பேரை மாநிலப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்களாம். அப்பாவுக்கு அந்தப் பத்துதான் வேண்டியிருந்தது. கோப்பை பற்றி அவர் நினைக்கக்கூட இல்லை. தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்துவிட்டது, ரப்பர் மரத்தை எல்லாம் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறார்கள், பால் டின்னைச் சுமக்கிறவனுக்கு அதற்கப்புறம் என்ன வேலை? பத்துக்குள் வந்துவிட்டால் தனக்கு வேறு ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று அர்த்தம், வராவிட்டால் சைக்கிளை விற்றுவிட்டு மாமாவோடு லோரியில் மூட்டை ஏற்றப் போவது என்று மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். மாமாவிடமும் சொல்லிவிட்டார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. உன் காலத்துப் பிள்ளைகள் கிலோமீட்டர் என்கிறீர்கள். தோட்டத்தில் நாங்கள் மைல் என்றுகூடச் சொன்னது இல்லை. மலாய்க்காரர் கல்லை என்ன சொல்வாரோ அதையே நாங்களும் சொல்வோம்: பத்து. மைல்கல்லும் பத்துதான், மைலும் பத்துதான். டவுன் எவ்வளவு தூரம் என்றால் மூணு பத்து என்போம். எண்ணுகிற பத்தும் பத்துதான். முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் மைல், அழுத்தாவிட்டால் எண். வீட்டில் உட்கார்ந்து பேசும்போது யாரும் குழம்பியது இல்லை.

ரேஸ் அன்றைக்கு மாமா லோரியில் நானும் ஏறிக்கொண்டேன். ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்றார், நான் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஈப்போவில் தொடங்குகிற இடத்துக்குப் போனோம். டவுன் கிளப் பையன்கள் எல்லாம் ஒரே நிறத்தில் பனியன், மெல்லிசான சைக்கிள். அப்பா பள்ளிக்கூடக் கேன்வாஸ் சப்பாத்து போட்டுக்கொண்டு, பழைய டியூப்பை அறுத்து வாராக்கி, காலை மிதிகட்டையோடு கட்டியிருந்தார். கிளப் பையன் ஒருத்தன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னா மச்சான், பால் டின்ன வீட்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

"திரும்பிப் போறப்ப எடுத்துக்குவேன்லா," என்றார் அப்பா. சிரித்தபடிதான் சொன்னார், ஆனால் காது சிவந்துவிட்டது.

மாமா அவரிடம் ஒரு ஏற்பாடு சொல்லியிருந்தார். லோரியை முன்கூட்டியே ஓட்டிக்கொண்டு போய் மலை ரோட்டில் ஒரு வளைவில் நிறுத்திக்கொள்வோம், நீ வரும்போது எத்தனையாவதாக இருக்கிறாய் என்று எண்ணிச் சொல்கிறேன், அதை வைத்து நீ கணக்குப் போட்டுக்கொள் என்று. இதை நீ ஞாபகம் வைத்துக்கொள். அப்பா அந்த வளைவுக்கு வரும்போது அவர் காது ஒரு எண்ணுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

போகிற வழியில் மாமா எனக்கும் ஒரு புத்தி சொன்னார். நீயும் சத்தம் போட்டு அவனுக்குத் தெம்பு கொடு, ஆனால் மரியாதையாக அண்ணே என்று கூப்பிடு என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, அது நடக்காத காரியம். அண்ணே என்று கூப்பிடலாம், தோட்டத்தில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஆனால் அவரை மட்டும் அப்படிக் கூப்பிட எனக்கு இஷ்டம் இல்லை. ஏன் இல்லை என்று உனக்குப் புரியும். அன்று எனக்கே பாதிதான் புரிந்திருந்தது.

அப்பா பக்கத்துக் கதை இது. கோல கங்சார் வரைக்கும் கும்பலோடு போய்விட்டார். தோட்டத்துக்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற ரோஷத்தில் முன்னால் முன்னால் போய் எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொகுசாக வந்திருக்கிறார்கள். மலை தொடங்கியதும் அத்தனை பேரும் எழுந்து நின்று மிதித்தார்கள், இவருக்குக் காலில் ஒன்றும் மிச்சமில்லை. ஒருத்தர் தாண்டினார், ரெண்டு பேர் தாண்டினார்கள், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன் என்பார். கண்ணுக்குள் வேர்வை, ரோட்டில் முன்சக்கரம் மட்டும்தான் தெரிகிறது. மாரி லோரி நிற்கிற இடம் வரட்டும், சைக்கிளைத் தூக்கி லோரியில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துவிடலாம் என்று தீர்மானித்துவிட்டார். அதற்காகவே அந்த வளைவு வரைக்கும் மிதித்தேன் என்பார்.

வளைவில் நாங்கள் நிற்கிறோம். மாமா விரல் விட்டு எண்ணிக்கொண்டு வருகிறார். பத்து போய்விட்டது. பன்னிரண்டு, பதினைந்து. டின்னைப் பற்றிக் கேட்டவன் போய்விட்டான். கீழே அப்பா வருவது தெரிந்தது. தலை தொங்கிக்கொண்டிருந்தது.

"பதினெட்டு," என்றார் மாமா. "முடிஞ்சு போச்சு. நான் எப்படி இத அவன்கிட்ட சொல்றது?" அப்படிச் சொல்லிவிட்டு, டயரில் ஏதோ கோளாறு மாதிரி லோரிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். அவ்வளவு பெரிய உடம்பை டயருக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார்.

நான் தனியாக நின்றேன். அப்பா கிட்டே வந்துவிட்டார். பதினெட்டு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பக்கத்தில் பழைய மைல்கல் ஒன்று பாசி பிடித்து நின்றது. இந்தக் கல்லிலிருந்து உச்சி சரியாக ஒரு மைல் என்று மாமா கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த வேறு உண்மை அது ஒன்றுதான். அண்ணே, இன்னும் ஒரு பத்துதான் இருக்கு என்று முழுசாகச் சொல்ல வேண்டும். முதலில் வர வேண்டிய அந்த அண்ணே தொண்டையிலேயே நின்றுகொண்டது, கூடவே மற்ற வார்த்தைகளையும் பிடித்து வைத்துக்கொண்டது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.

"பத்து!" என்று கத்தினேன். மறுபடியும் பத்து. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும் வரைக்கும் பத்து.

அவர் பார்த்தார். கண் பெரிதானது. கட்டியிருந்த காலை அவிழ்க்கக் கீழே கொண்டுபோன கையை எடுத்து மறுபடியும் சைக்கிளைப் பிடித்தார். லோரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தாண்டிப் போய்விட்டார். மாமா டயருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, என்ன சொன்னாய் என்று கேட்டார். தூரத்தைச் சொன்னேன் என்றேன்.

அவர் காதில் விழுந்தது தூரம் இல்லை, தம்பி. நீ பத்தாவது ஆள் என்று விழுந்தது. அந்த எண்ணுக்காகத்தானே காத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குகிறவருக்கு நான் எந்த எழுத்தை அழுத்தினேன் என்று எங்கே கேட்கப்போகிறது? பத்தாவதாக இருக்கிறேன், ஒருத்தன் தாண்டினாலும் போய்விடும், ஒருத்தனையும் விடக் கூடாது என்று மிதித்திருக்கிறார். உச்சிக்குப் போகும்போது ஒருத்தரைப் பிடித்துவிட்டார். சரி, ஒன்பது ஆயிற்று, ஒருத்தன் தாண்டினாலும் பாதகமில்லை என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் இறக்கம். முந்தின ராத்திரி பெய்த மழை மரத்து நிழலில் காயவில்லை. கிளப் பையன்கள் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தி அழுத்திப் பயந்து இறங்குகிறார்கள். இவருக்கு அது நாளும் இறங்குகிற சரிவு மாதிரிதான், டின் மட்டும்தான் இல்லை. கேரியரில் பால் இருப்பதாக நினைத்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து போனேன் என்பார். எட்டு, ஏழு, ஆறு என்று எண்ணிக்கொண்டே இறங்கினார். டின்னைப் பற்றிக் கேட்டவனையும் ஒரு வளைவில் தாண்டினார். பேச நேரமில்லை, இல்லாவிட்டால் ஏதாவது கேட்டிருப்பேன் என்பார்.

நாங்கள் லோரியில் போய்ச் சேரும்போது திடல் முன்னால் சண்டை நடந்துகொண்டிருந்தது. அப்பா முடிவுக் கோட்டைத் தாண்டும்போது ஒரு கையைத் தூக்கிக்கொண்டு வந்தாராம், மூன்றாவது இடம் என்று. எழுதுகிற மேசையில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் நிதானமாக, தம்பி, நீ பதினொன்று என்று சொல்லியிருக்கிறார். அப்பா விடவில்லை. மலையில் பத்தாவதாக இருந்தேன், ஏழு பேரைத் தாண்டியிருக்கிறேன், எப்படிப் பதினொன்று ஆகும், உங்களுக்குக் கணக்குத் தெரியாதா என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் கோபப்படாமல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மாமாவுக்கு எங்கே பிசகியது என்று புரிந்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் லோரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சொல்லவும் முடியவில்லை, என்னைக் கையைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்.

அப்பா என்னிடம் வந்தார். அதுவரைக்கும் நாங்கள் நேருக்கு நேர் பேசியது இல்லை.

"நீதானே பத்துன்னு சொன்ன?"

"ஆமா. ஒரு பத்துதான் இருக்குன்னு சொன்னேன். உச்சிக்கு."

 அவர் மலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் எத்தனாவதா இருந்தேன்?"

"பதினெட்டு."

"ஒருன்னு நீ சொல்லவே இல்லையே. வெறும் பத்துன்னுதான் கேட்டுச்சு."

"வாய்ல வரல."

"முன்னுக்கு ஒரு அண்ணே போட்டிருந்தா, என்னமோ சொல்ல வர்றன்னு நின்னு கேட்டிருப்பேன்லா."

"அது மட்டும் போட முடியாது," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மாரி மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார். அப்பா முகத்தில் இருந்த பதினொன்று மெதுவாகப் போவதை நான் பார்த்தேன். திரும்பி வரும்போது மாமா ரோட்டை மட்டும் பார்த்து லோரி ஓட்டினார். அப்பா பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கோல கங்சார் தாண்டுகிற வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். வீட்டில் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை, அதில் மாமா அடித்த பல்டியை அவரே எழுதட்டும்.

அப்பா கடைசி வரைக்கும் பத்துக்குள் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். அடுத்த வருடம் பதினேழு. அதற்கடுத்த வருடம் பாதி வழியில் செயின் அறுந்தது. எண்பதுகள் பிறந்து தோட்டத்தை விற்றார்கள், செமோர்ப் பக்கம் பலகை ஆலையில் வேலைக்குப் போனார், பிறகு ஈப்போவுக்கு வந்தோம், நீ பிறந்தாய். சைக்கிளை மட்டும் விற்கவில்லை. லோரியில் மூட்டை ஏற்றவும் போகவில்லை. பதினெட்டிலிருந்து பதினொன்றுக்கு வந்தவன் நான், என்னால் முடியாதது எது என்று எனக்கு இன்னும் தெரியாது என்பார். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் செமோர் வரைக்கும் ஓட்டிப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வருகிறார். நீ பள்ளியில் ஓட்டப் பந்தயம் ஓடிவிட்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அத்தனை பேரும் எத்தனையாவது என்று கேட்டோம். அப்பா மட்டும், பாலம் தாண்டினதும் ஒரு மேடு வருமே, அங்கே நின்றாயா ஓடினாயா என்று கேட்டார். ஓடினேன் என்றாய். அன்றைக்குக் கடையில் உனக்கு வாங்கிக் கொடுத்த ஐஸ் கச்சாங் பெரிய கிண்ணம்.

மாமா எண்ணியது தப்பு இல்லை, தம்பி. பதினெட்டு என்பது உண்மைதான். அதைச் சொல்லியிருந்தால் அப்பா லோரியில் ஏறியிருப்பார், அதுவும் உண்மை. நான் பொய் சொல்லவில்லை, நான் சொன்னதும் உண்மைதான். ஒரே வளைவில் ரெண்டு உண்மை நின்றுகொண்டிருந்தது. நீ எத்தனையாவது ஆள் என்று சொல்ல உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்காமலே சொல்வார்கள், ஜொகூரில் அந்தச் சின்ன பையனும் சொல்லாமல் சொல்வான். இன்னும் எவ்வளவு தூரம் ஏற வேண்டும் என்பதைச் சொல்லத்தான் ரோட்டோரத்தில் உன் ஆள் ஒருத்தர் நிற்க வேண்டும். உனக்கு முன்னால் எத்தனை பேர் போனார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் எண்ணவும் இல்லை. நீ ஏறி வந்த தூரம் எனக்குத் தெரியும். வேலை போன அன்றைக்கு வீட்டில் யாருக்கும் முகம் காட்டாமல் கார் கழுவிக்கொண்டிருந்தாய், மறுநாள் காலையில் எழுந்து வேலை தேடத் தொடங்கிவிட்டாய். செங்குத்தான இடம் அது. அதைத் தாண்டிவிட்டாய். இறக்கம் வந்ததும் உனக்கு என்ன தெரியும் என்று உனக்கே தெரிய வரும், அதற்கு முதலில் உச்சிக்குப் போக வேண்டும்.

திங்கட்கிழமை நான் வாசலில் நின்று கையசைக்கப் போவதில்லை. நம் தாமான் குடியிருப்பு ரோடு மேடேறிப் பெரிய ரோட்டில் சேர்கிற இடத்தில், அந்த வளைவில் நிற்பேன். அப்பாவும் வருகிறார், மாரி மாமாவையும் இழுத்துக்கொண்டு வருவேன், ஒளிந்துகொள்ள அங்கே டயர் ஏதும் கிடையாது. கார்க் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள். இந்தத் தடவையாவது முழுசாகச் சொல்லு, அந்த ஒருவை விட்டுவிடாதே என்று அப்பா இப்போதே பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுக்கிறார். முயற்சி பண்ணுகிறேன். ஆனால் நீ மேடேறி வருவதைப் பார்த்தால் எனக்கு எத்தனை வார்த்தை வரும் என்று சொல்ல முடியாது. ஒன்றுதான் வந்தது என்றால், உனக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படியே எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இரு.

வளைவில் நிற்கப்போகிற
உன் அம்மா